அவர்களுக்குக் கனவு, நமக்கு ஆவணமா?

சேரியிலிருந்து ஒருத்தன் கேமராவோடு கிளம்பினால் அவன் எதைப் படம்பிடிக்க வேண்டும் என்பது ஏற்கெனவே தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கிய உடம்பு, எரிந்த கூரை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் கிழவி. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மதிப்பு கூடும். இந்த வட்டத்துக்குள் நிற்கும்வரை முதுகில் தட்டிக்கொடுப்பார்கள், பரிசும் உண்டு. அதே கிழவியின் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பனை முளைத்து நிற்பதுபோல் அவன் படம் செய்துவிட்டால் போதும், 'இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?' என்று கேட்டுவிடுவார்கள். கோபமாகக் கேட்பதில்லை. அக்கறையோடுதான் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படுவதால்தான் இந்தக் கேள்வியை உரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எங்க ஊர் பனவடலிசத்திரம். சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற ரோட்டில் இருக்கிறது. எங்க தெருப் பையன் ஒருவன், எனக்கு மருமகன் முறை, சென்னையில் புகைப்படம் படிக்கிறான். ஒரு பருவம் முழுக்க உருவப்படங்களை வகைவகையாக எடுத்துப் பழகியிருக்கிறான். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழ, மறு கன்னத்தில் கண்ணுக்குக் கீழே முக்கோணமாகக் கொஞ்சம் ஒளி நிற்கிற ரெம்பிராண்ட் பாணி. முகத்தைப் பாதி வெளிச்சம் பாதி இருட்டாகப் பிளக்கிற பாணி. வெள்ளைத் திரைக்கு முன்னால் நிற்க வைத்து எடுப்பது. அடுத்த பருவத்தில் கம்ப்யூட்டரில் படங்களை அடுக்கடுக்காக ஏற்றி, வெட்டி, ஒட்டி, நடக்காததை நடந்ததுபோல் காட்டுகிற வேலை. மிகை யதார்த்தம் என்று நாம் சிறுபத்திரிகைகளில் எழுதித் தள்ளினோமே, அதைத்தான் அவன் மவுஸை வைத்துக்கொண்டு செய்கிறான்.

அவன் செய்த நாலு படங்களை நான் பார்த்தேன். அவற்றைச் சொல்லாமல் இந்த வாதத்தைத் தொடர முடியாது.

முதல் படம் அவன் பாட்டி. அந்தக் கிழவி உயிரோடு இருந்தவரை அவளை யாரும் தனியாக உட்கார வைத்துப் படம் எடுத்ததில்லை. இருக்கிற ஒரே படம் வாக்காளர் அட்டையில் இருக்கிற தபால்தலை அளவுப் படம். அதைப் பெரிதாக்கினான். பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துபோகும். அதை வழவழப்பாக்கிச் சரிபண்ண அவன் முயலவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் ஓலைப் பின்னலை வைத்து நிரப்பினான். பாட்டி பிழைப்புக்கு ஓலைப்பெட்டி முடைந்தவள். இப்போது அவள் முகமே ஓலையில் முடைந்ததாக இருக்கிறது. தலைக்குப் பின்னால் ஒரு வடலி. வடலி என்றால் இளம்பனை, எங்க ஊர்ப் பேரிலேயே இருக்கிறது.

இரண்டாவது, நூறுநாள் வேலைப் பெண்கள். 2023 ஜனவரி 1 முதல் அந்த வேலைக்கு வருகிறவர்களைச் செல்போன் செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று. இரண்டாவது படத்தில் ஆள் இல்லை என்றால் வேலை செய்ததற்குச் சாட்சி இல்லை. இவன் அந்தக் காலைப் பெண்களையும் பிற்பகல் பெண்களையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்துவிட்டான். ஒவ்வொருத்தியும் தனக்குத்தானே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிற்பகல்காரி களைத்துப்போய் உட்கார்ந்திருக்க, காலையில் வந்தவள் அவளுக்குத் தலை சீவி விடுகிறாள்.

மூன்றாவதில் ஒரு சின்னப் பையன், ஸ்டுடியோக்காரர்கள் ஒட்டித் தருவார்களே அந்த ரெடிமேட் கோட்டு போட்டிருக்கிறான். கோட்டு வளர்ந்துகொண்டே போய்த் தெருவையே மூடியிருக்கிறது. கோட்டுப் பையிலிருந்து வீடுகள் எட்டிப் பார்க்கின்றன. நான்காவதில் வீடு உயரத்துக்கு ஒரு மிட்டாய் பாட்டில். வெளியே பிள்ளைகள், முதுகுதான் தெரிகிறது. மூடி பிள்ளைகள் கையில் இருக்கிறது.

அந்த மிட்டாய் பாட்டில் எங்கிருந்து வந்தது என்று எங்க பகுதிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாங்குளத்தில், மிட்டாய் வாங்க வந்த நம்ம பிள்ளைகளிடம் 'ஊர்க் கட்டுப்பாடு, உங்களுக்குத் தரக்கூடாது' என்று கடைக்காரர் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, அதைச் செல்போனில் படமும் எடுத்தார். அது பரவியது, கைது நடந்தது. தீண்டாமையைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அந்தக் கேமராவைப் பற்றி யாரும் பேசவில்லை. குற்றம் செய்கிறவனே அதைப் பெருமையாகப் படம் எடுக்கிறான். அந்தப் படத்தில் உள்ள பிள்ளைகளின் முகம் தமிழ்நாடு முழுக்கச் சுற்றுகிறது. அனுதாபப்பட்டவர்களும் அதே முகங்களைத்தான் பரப்பினார்கள். என் மருமகன் அந்த முகங்களைத் தொடவில்லை. 'அதுக மூஞ்சிய ஏற்கனவே ஒருத்தன் கேக்காம எடுத்துட்டான் மாமா, நானும் எடுக்கணுமா?' என்றான்.

இந்த நாலு படங்களையும் வகுப்பில் வைத்தபோது கிடைத்த பதில் இது: நல்லாத்தான் பண்ணியிருக்கே, ஆனா உன் பலம் இது இல்ல, ஊருக்குப் போ, நெஜத்த எடு. அதே வகுப்பில் இன்னொரு மாணவர் குளியல் தொட்டிக்குள் ஒரு பெண் படுத்திருக்க, அவளைச் சுற்றி அந்தரத்தில் மீன்கள் நீந்துவதுபோல் செய்திருந்தார். அவரிடம் யாரும் நெஜத்தைக் கேட்கவில்லை. அவருக்கு அகமனம் இருக்கிறது, ஆழ்மனம் இருக்கிறது. நம்ம பையனுக்கு ஊர் மட்டும்தான் இருக்கிறது. 'அவுக கேக்கது என் படத்த இல்ல மாமா, என் தெருவத்தான்' என்று அவன் சொன்னதில் ஒரு முழு அழகியல் விமர்சனம் இருக்கிறது.

இது புகைப்படத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1992இல் பாமாவின் கருக்கு வந்தபோது அதை நாவலில் சேர்ப்பதா, தன்வரலாற்றில் சேர்ப்பதா என்று திணறியவர்கள் உண்டு. நம்மிடம் எதிர்பார்க்கப்பட்டது வாக்குமூலம். சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். கற்பனை செய்கிற, விளையாடுகிற, மொழியைக் கலைத்துப் போடுகிற அதிகாரம் நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு. யதார்த்தம் என்பது ஒரு கலைப்பாணி. அதையே நமக்கு மட்டும் சாதித்தொழில் மாதிரி ஒதுக்கிவைத்தால் எப்படி ஒத்துக்கொள்வது?

அந்த 'நெஜம்' எது என்றும் பார்த்துவிடுவோம். புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839இல். சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய கலைப் பள்ளியில் 1855இலேயே அதைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது யார் முகம் எப்படி எடுக்கப்பட்டது? பணம் படைத்தவர்கள் ஸ்டுடியோவுக்குப் போய், தூண், திரைச்சீலை, பூச்சாடி வைத்து, விரும்பிய கோலத்தில் எடுத்துக்கொண்டார்கள். உழைக்கிற சனங்களைத் தேடிக் கேமரா தானாக வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற அரசாங்க வெளியீட்டில் 468 படங்கள், சாதி வாரியாக, குல வாரியாக. சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் அச்சில் அடுக்கினார். லண்டனில் லாம்ப்ரே என்பவர் 1869இல், ஆளுக்குப் பின்னால் இரண்டு அங்குலச் சதுரங்களாக நூல் கட்டிய சட்டத்தை நிறுத்திவைத்து, உடம்பை அளவெடுக்க வசதியாகப் படம் எடுக்கச் சொன்னார். நேராக நில், பக்கவாட்டில் நில். பேர் தேவையில்லை, சாதி போதும்.

இதுவும் ஒரு பாணிதான். பின்னணி வெறுமை, சமமான வெளிச்சம், நேர்ப்பார்வை என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தார்கள். ரெம்பிராண்ட் பாணி எவ்வளவு செயற்கையோ அவ்வளவு செயற்கை. ஆனால் இதற்கு மட்டும் உண்மை என்று பேர் வைத்துவிட்டார்கள்.

அந்தப் பாணி செத்துவிடவில்லை. தினமும் என் மேஜைக்கு வருகிறது. நான் வங்கியில் கிளார்க். கணக்கு தொடங்குகிற படிவத்தில் படம் ஒட்டும் கட்டத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்கு இத்தனை வருசம் போயிருக்கிறது. நேராகப் பார், சிரிக்காதே, காது தெரியட்டும், பின்னணி வெள்ளையாக இருக்கட்டும். 1993இல் தேர்தல் ஆணையம் புகைப்பட அடையாள அட்டையைக் கொண்டுவந்த பிறகுதான் எங்க தெருவில் பல பெரிசுகளுக்கு வாழ்க்கையிலேயே முதல் படம் கிடைத்தது. யோசித்துப் பாருங்கள், ஒருத்தருடைய முதல் படத்தை அரசாங்கம் எடுக்கிறது. நீ யார் என்று காட்டுவதற்காக அல்ல, நீ வேறு யாரும் இல்லை என்று காட்டுவதற்காக. பிறகு குடும்ப அட்டை, ஆதார், வேலை அட்டை, செயலியில் ஒரு நாளைக்கு இரண்டு படம். கணக்குப் பார்த்தால் இந்த நாட்டில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்டவர்களில் நம்ம சனங்களும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் பத்திரமாக வைத்து எடுத்துப் பார்க்கிற மாதிரி ஒரு படம் கேட்டால் இல்லை.

தென்னாப்பிரிக்காவில் கறுப்பு மக்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய பாஸ் புத்தகத்துக்கும் இதே மாதிரிப் படம்தான் எடுத்தார்கள். அந்தப் படங்களை உடனுக்குடன் எடுத்துத் தர போலராய்டு கம்பெனியின் கருவி பயன்பட்டது. 1970இல் அதே கம்பெனியில் வேலை பார்த்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்ற இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள் இதை எதிர்த்துக் கிளம்பினார்கள். 1977இல் கம்பெனி அந்த நாட்டை விட்டு வெளியேறியது. அடையாளப் படம் அரசியலற்றது என்று சொல்கிறவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேமராவுக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. முன்னால் இருக்கிற காட்சி முழுவதையும் சராசரியாக்கி, அது நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு வரும்படி கேமரா வெளிச்சத்தை அளவிடும். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிற சாம்பல் என்று அதற்கு அளவு சொல்லுவார்கள். கறுத்த முகம் வெள்ளைச் சட்டை போட்டு வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றால், கேமரா சட்டையையும் சுவரையும் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று முடிவுசெய்து குறைத்துவிடும். முகம் இருளடைந்து கண் மட்டும் மினுங்கும். என் மேஜைக்கு வருகிற படங்களில் பாதி இப்படித்தான். கலர் பிலிம் காலத்திலும் இதே கதை. கோடாக் கம்பெனி 1950கள் முதல் ஆய்வகங்களுக்கு நிறம் சரிபார்க்க அனுப்பிய அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஷெர்லி அட்டை என்று அதற்குப் பேர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுப்புத் தோல் சரியாக வரவில்லை என்று கம்பெனியை அசைத்தது கறுப்பு மக்களின் புகார் அல்ல. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக விழவில்லை என்று சொன்னபோதுதான் பிலிமை மாற்ற ஆரம்பித்தார்கள். லோர்னா ராத் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆக, 'தொடாத படம்' என்று ஒன்று கிடையாது. நம்ம முகம் கேமராவுக்குள் போகும்போதே ஒரு தடவை திருத்தப்படுகிறது. பிறகு நாம் திருத்தினால் மட்டும் பொய் என்பது என்ன நியாயம்?

நம்ம சனங்கள் இதைக் கல்லூரிக்குப் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. சின்ன ஊர் ஸ்டுடியோக்களுக்குப் போய்ப் பாருங்கள். அப்பாவுக்கு வாக்காளர் அட்டைப் படம் மட்டும் இருக்கும். அம்மாவுக்கு மகள் கல்யாணத்தில் கூட்டத்தோடு எடுத்த படம் இருக்கும். இரண்டு பேரும் செத்த பிறகு பிள்ளைகள் வந்து, ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சுக் குடுங்க அண்ணாச்சி என்பார்கள். அவர் தலைகளை வெட்டி எடுத்து, அப்பாவுக்குப் பட்டு வேட்டி, அம்மாவுக்குக் காஞ்சிபுரம் பட்டு, கழுத்தில் சங்கிலி, பின்னால் தோட்டம் எல்லாம் போட்டுத் தருவார். வாழ்நாளில் ஒரு நாளும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திராத இரண்டு பேர் பதினாறாம் நாள் சோடியாக உட்கார்ந்திருப்பார்கள். படித்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். மலிவு ரசனை என்பார்கள். நாற்காலியில் உட்காரக்கூடாது என்று தடுக்கப்பட்டவர்களைச் செத்த பிறகாவது நாற்காலியில் உட்கார வைக்கிற பிள்ளைகளின் கலகம் அது. மத்தியப் பிரதேசத்து நாக்டாவில் சின்ன ஸ்டுடியோக்கள் இப்படி இரட்டை உருவம், ஒட்டுப்படம் என்று செய்து தந்ததைப் பற்றி கிறிஸ்டோபர் பின்னி 1997இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் திரட்டிப் பாதுகாக்கிற வேலை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் நடந்திருக்கிறது. அவர்கள் ஆராய்ச்சி செய்யட்டும். நம்ம பையன்கள் அதையே கலையாகச் செய்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறது?

அந்தக் கோட்டும் அப்படித்தான். பையன் தலையை வெட்டிக் கோட்டில் ஒட்டுவதைப் பார்த்துக் கிண்டலடிப்பவர்கள், நம்ம தெருமுனைகளில் நிற்கிற நீலக் கோட்டுச் சிலையை யோசித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சிலைகளில் பல கூண்டுக்குள் நிற்கின்றன. ஒரு கோட்டைக் கண்டு ஊர் இவ்வளவு பயப்படுகிறது என்றால் கோட்டு சும்மா துணி இல்லை.

படமே இல்லாதவர்கள் விசயத்தில் கற்பனைதான் கதி. சங்கரன்கோவில் பக்கத்து நெற்கட்டும்செவலில் பூலித்தேவனின் படைத்தளபதியாக நின்ற ஒண்டிவீரன் மறைந்தது 1771இல். புகைப்படம் பிறக்க இன்னும் அறுபத்தெட்டு வருசம் இருந்தது. 2022 ஆகஸ்ட் 20இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டார்கள். அதில் உள்ள முகம் யாரோ யோசித்து வரைந்த முகம். கட்டபொம்மனுக்கு மட்டும் புகைப்படமா இருந்தது? 1959இல் சினிமா வந்த பிறகு சிவாஜி கணேசன் முகத்தைத்தான் நாடு கட்டபொம்மன் என்று வைத்துக்கொண்டது. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. வரலாறு சிலருக்கு முகம் வாடகைக்குப் பிடித்துத் தருகிறது. நம்ம ஆட்களுக்கு நாம்தான் செய்துகொள்ள வேண்டும்.

உலகத்தில் மற்ற ஒடுக்கப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? அடிமையாகப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகமாகப் படம் எடுக்கப்பட்ட மனிதர். திட்டமிட்டு ஸ்டுடியோவுக்குப் போனார். சிரிக்கிற அடிமை என்ற வெள்ளைக்காரன் பிம்பத்தை உடைக்கவே கேமராவுக்கு முன்னால் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். ஜெர்மனியில் ஜான் ஹார்ட்பீல்டு கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு ஹிட்லரை எதிர்த்தார். 1932இல் அவர் செய்த ஒரு படத்தில் ஹிட்லரின் நெஞ்சுக்குள் தங்கக் காசுகள் அடுக்கடுக்காக இருக்கும். முதலாளிகள் போட்ட காசு. எந்த நிருபரின் கேமராவாலும் எடுக்க முடியாத உண்மை அது. கேமரூனில் பிறந்த சாமுவேல் போசோ, ஆப்பிரிக்காவின் பாங்குய் நகரத்தில் பதின்மூன்று வயதிலேயே ஸ்டுடியோ வைத்து, வாடிக்கையாளர் போன பிறகு மிச்சமிருந்த பிலிமில் தன்னையே விதவிதமாக எடுத்துக்கொண்டார். 2008இல் மால்கம் எக்ஸ், மார்ட்டின் லூதர் கிங் எல்லாருமாகத் தானே வேடம் போட்டு நின்றார். தென்னாப்பிரிக்காவின் ஜனேலே முஹோலி தன் சுய உருவப்படங்களில், எடுத்த பிறகு கறுப்பைக் கூட்டி, தோலை இன்னும் கறுப்பாக்கிக் காட்டுகிறார். இங்கே பெங்களூரின் புஷ்பமாலா, கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000 முதல் 2004 வரை செய்த 'தென்னிந்திய சுதேசிப் பெண்கள்' வரிசையில், அந்த அளவெடுக்கும் கட்டங்களுக்கு முன்னால் தானே போய் நின்று, அளந்தவர்களின் விஞ்ஞானத்தைக் கேலிக்கூத்தாக்கினார்.

இதையெல்லாம் சொல்லும்போது ஆவணப்படம் எடுக்கிற நம் தோழர்களைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மலக்குழி மரணங்களைத் தொடர்ந்து பதிவு செய்து, வடசென்னைப் பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்றுத்தருகிற பழனிக்குமார். பிணவறைகளில் உடலை அறுக்கும் தொழிலாளர்களை உருவப்படங்களாக எடுத்த அருண் விஜய் மாதவன். வாடிப்பட்டியில் தன் வீட்டையும் சொந்தங்களையும் எடுத்த ஜெய்சிங் நாகேஸ்வரன். இவர்கள் யாரும் ஆணைக்குக் கட்டுப்பட்டு எடுத்தவர்கள் இல்லை. எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்று அவரவர் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வு எல்லாருக்கும் வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

எதிர்க்கேள்வி ஒன்று உண்டு, அது நியாயமானது. இயக்கத் தோழர் ஒருத்தர் என்னிடமே கேட்டார்: 'நாமளே படத்த வெட்டி ஒட்ட ஆரம்பிச்சா, நாளைக்கு வன்கொடுமைப் படத்தையும் எடிட்டிங்னு சொல்லிருவான் இல்லயா?' சொல்லுவான். இப்போதே சொல்கிறான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம், இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகள் அனைத்தையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. அந்த அளவுக்குப் படம் நமக்குச் சாட்சி. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்கத் தனிச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஆகவே சம்பவ இடத்தில் எடுத்த படத்தில் கை வைக்கவே கூடாது. வெளிச்சத்தைக்கூடக் கூட்டக்கூடாது. அசல் கோப்பு கேமராவிலோ போனிலோ எடுத்தபடியே இருக்க வேண்டும், நகலில்தான் எந்த வேலையும். வாட்ஸப்பில் அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேரம் முதலான விவரங்கள் போய்விடும் என்பதையும் நம் இளைஞர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சாட்சிப் படம் வேறு, உருவப்படம் வேறு. இரண்டையும் ஒரே பையில் போட்டு அடைக்காமல், கீழே இது இன்னது என்று எழுதிவைத்தால் குழப்பம் இல்லை. குழப்பம் வரும் என்று பயந்து கனவையே கைவிடச் சொல்வது, திருடன் வருவான் என்று வீடே கட்டாமல் இருக்கிற கதை.

எடிட்டிங் என்றால் எல்லாம் விடுதலை என்றும் நான் சொல்லவில்லை. 2022 டிசம்பர் 6, அம்பேத்கர் நினைவு நாளன்று கும்பகோணத்தில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். அம்பேத்கருக்குக் காவிச் சட்டை, நெற்றியில் விபூதிப் பட்டை. அவர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்து, 1956 அக்டோபர் 14இல் பௌத்தம் தழுவியவர். அவர் வாழ்க்கையையே ஒரு சுவரொட்டியில் அழித்து எழுதப் பார்த்தார்கள். அதுவும் எடிட்டிங்தான். நம்ம பையன் பாட்டியின் முகத்தில் ஓலை பின்னியதும் எடிட்டிங். இரண்டுக்கும் கருவி ஒன்று. படத்தில் இருப்பவருக்கு அது எதைச் சேர்க்கிறது, அவரிடமிருந்து எதைப் பிடுங்குகிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

அந்த எடையில் பார்த்தால் நமக்குள்ளேயே நடக்கிற ஒரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையாக்குவது. கல்யாண பிளெக்ஸ், சடங்கு பிளெக்ஸ், பாஸ்போர்ட் படம் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்காமலேயே முகத்தை வெளுத்துத் தருகிறார்கள். வங்கிக்கு வருகிற படங்களில் கேமரா இருட்டடித்தது பாதி என்றால், இப்படி வெளுத்தது மிச்சப் பாதி. எதிரில் நிற்கிற அக்காவுக்கும் படத்தில் இருக்கிற அக்காவுக்கும் சம்பந்தமே இருக்காது. இப்போது செல்போனே எடுக்கும்போது தானாகத் தோலை வழித்துவிடுகிறது. செயற்கை அறிவுச் செயலிகளில் போட்டால் மூக்கும் சேர்ந்து கூர்மையாகிவிடுகிறது. தர்ஸ்டன் நம்ம மூக்கை அளந்துவிட்டுப் போனார், இந்தச் செயலி அதை வெட்டியே எடுத்துவிடுகிறது. சேர்ப்பது என்ற பேரில் பிடுங்குவது இது. தலைக்குப் பின்னால் பனை வளர்த்த கலைஞனும் முகத்தை வெளுக்கிறவனும் ஒரே மென்பொருளைத்தான் திறக்கிறார்கள். முதலாமவன் அந்த முகத்தை நேசிக்கிறான். இரண்டாமவன் அதற்காக வெட்கப்படச் சொல்லித்தருகிறான்.

புகைப்படம் படிக்கிற நம்ம பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். ரெம்பிராண்ட் பாணியைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் அந்த விளக்கை நம்ம தோலுக்கு ஏற்ற மாதிரி நகர்த்துங்கள். வெளிச்சத்தை முகத்தில் அளந்து எடுங்கள், சுவரில் அளக்காதீர்கள். யாரை உட்கார வைக்கிறீர்களோ அவரிடம், உங்கள எப்படிப் பாக்க ஆசை என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை எங்க தெருவில் எந்தக் கேமராவும் இதுவரை கேட்டதில்லை. செய்து முடித்த படத்தை முதலில் அவருக்குக் காட்டுங்கள், கேலரிக்கு அப்புறம் போகலாம். பிடிக்கவில்லை என்றால் மாற்றுங்கள். ஊரை எடு என்று யாராவது சொன்னால் எடுங்கள், உங்களுக்கு ஆசை இருந்தால். இல்லாவிட்டால் குளியல் தொட்டியும் மீனும் நமக்கும் பொதுதான்.

இயக்கப் பத்திரிகை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எரிந்த குடிசைப் படத்துக்கு நாம் எப்போதும் அட்டையில் இடம் வைத்திருக்கிறோம். அது அவசியம், அது இருக்கட்டும். உள்ளே நாலு பக்கமாவது இந்தப் பிள்ளைகள் செய்கிற படங்களுக்கு ஒதுக்குங்கள். நூறுநாள் வேலைக்குப் போய்வந்த பெண் தனக்குத்தானே தலை சீவிவிடுகிற படத்தை நம்ம பத்திரிகை போடாவிட்டால் வேறு எவன் போடுவான்? அடிபட்டதற்கு நம்மிடம் சாட்சி நிறைய இருக்கிறது, இன்னும் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆசைப்பட்டதற்கு நம்மிடம் படமே இல்லை. அதையும் எடுத்துவைக்கிற தலைமுறை வந்துவிட்டது. அவர்களிடம் போய் நெஜம் எங்கே என்று கேட்பதை விட்டுவிட்டு, படத்தைக் காட்டு என்று கேட்போம்.